மேற்கத்திய செவ்விசை: எட்டு ஸ்வரத்திலிருந்து தொடங்கலாம்

யூடியூபில் சிம்பொனி என்று தேடிப் பாருங்கள். வந்து விழும் தலைப்புகளில் பாதி, தாலுகா ஆபீஸ் பட்டா போலிருக்கும். சிம்பொனி எண் 40, ஜி மைனர், கே 550, முதல் பகுதி, மோல்டோ அலெக்ரோ. இதில் பாட்டின் பெயர் எது என்றே தெரியாமல் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். துணிந்து கேட்பவர்களும் பத்து நிமிடம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு, மெட்டுதான் எங்கே போச்சுன்னு தெரியலை" என்று அணைத்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்தில் நானும் சில வருடங்கள் இருந்தேன். காரணம் பழக்கம். நம் காது ஒற்றை மெட்டின் பின்னாலேயே நடந்து வளர்ந்தது. கச்சேரியில் பாடகர் எங்கே போகிறாரோ அங்கே நாமும் போவோம். வயலின் நிழல் போலக் கூடவே வரும். தம்புரா கீழே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேற்கத்திய இசையில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, நான்கு மெட்டுகள் ஆளுக்கொரு வேலையாகப் போய்க்கொண்டிருக்கும். அதைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் போதும், கலைச்சொற்களும் வரலாறும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் அகராதியை அப்புறம் பார்ப்போம். முதலில் கேட்போம்.

படி 1: கீழே ஓடும் குரலைப் பிடியுங்கள்

பாஹெல்பெல் என்ற ஜெர்மானியர் (1653–1706) எழுதிய 'கேனன்' என்ற உருப்படியைத் தேடி எடுங்கள். கல்யாண வீடியோக்களிலும் விளம்பரங்களிலும் எத்தனையோ முறை உங்கள் காதில் விழுந்திருக்கும். பியானோவுக்கு மாற்றி எழுதியது வேண்டாம். மூன்று வயலினும் ஒரு செல்லோவும் (வயலினின் பெரிய, கீழ்ஸ்தாயி அண்ணன்) வாசிக்கும் பதிவு வேண்டும். ஹெட்போனில் கேளுங்கள். போனின் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி சரியாக வராது, நமக்கு வேண்டியதே அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் செல்லோ எட்டு ஸ்வரம் வாசிக்கும். வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்: ஸ ப த க, ம ஸ ம ப. மேல் ஸட்ஜத்தில் தொடங்கிக் கீழ் ஸட்ஜம் வரை இறங்கி மறுபடி ஏறத் தொடங்கும். சங்கராபரண ஸ்வரங்கள்தான், கமகம் கிடையாது. உருப்படி முடியும்வரை செல்லோவுக்கு வேறு வேலையே இல்லை. இந்த எட்டையே 28 முறை வாசிக்கும். பாவம், செல்லோ வாசிப்பவர்கள் இந்த உருப்படியைக் கண்டாலே ஏன் அலுத்துக்கொள்கிறார்கள் என்பது புரியும்.

முதல்முறை அந்த எட்டு ஸ்வரத்தை மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். மேலே வயலின்கள் என்ன செய்தாலும் கவனத்தைத் திருப்பாதீர்கள். இரண்டாம் முறை வயலின்களைக் கவனியுங்கள். முதல் வயலின் ஒரு மெட்டைத் தொடங்கும். எட்டு ஸ்வரச் சுற்று ஒன்று முடிந்ததும் இரண்டாம் வயலின் அதே மெட்டை ஆரம்பத்திலிருந்து எடுக்கும். இன்னொரு சுற்று கழித்து மூன்றாவது. மூன்றும் வாசிப்பது ஒரே மெட்டு, ஆனால் ஒரே சமயத்தில் மூன்றும் அதன் வெவ்வேறு இடங்களில் இருக்கும். மோதிக்கொள்ளாது. மோதாதபடிதான் அவர் எழுதியிருக்கிறார்.

இப்போது சொற்களைச் சொல்கிறேன். கீழே ஓடியது பேஸ். ஒரு குரலை இன்னொன்று அச்சாகப் பின்தொடரும் இந்த ஏற்பாட்டுக்குக் கேனன் என்றே பெயர். தனித்தனி மெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஓடவிட்டு இசைய வைக்கும் கலை கவுன்டர்பாயின்ட். எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும் அந்த நொடியில் ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கொத்து கார்டு. கார்டுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் ஒழுங்கு ஹார்மனி.

வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் ஸ, அந்தர காந்தாரம், ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது மேஜர் கார்டு. காந்தார விரலை மட்டும் ஒரு கட்டை இறக்கிச் சாதாரண காந்தாரத்தில் வையுங்கள். மைனர். வெயிலில் நின்ற முற்றத்தில் சட்டென்று மேகம் கவிந்தது போலிருக்கும். ஒரு விரல் நகர்ந்ததற்கு இவ்வளவு மாற்றம்.

இதெல்லாம் நமக்கு முழுக்கப் புதிது என்றும் சொல்ல முடியாது. இளையராஜாவின் பாடல்களில் பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகும். பழகுவதற்கு அதைவிட வசதியான பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியாது.

படி 2: பட்டாவை வாசியுங்கள்

மேலே சொன்ன தலைப்பை எடுத்துக்கொள்வோம். நம் கீர்த்தனைக்கு அதன் முதல் வார்த்தையே பெயர். வெறும் வாத்தியத்துக்கு எழுதிய உருப்படியில் வார்த்தை ஏது? அதனால் விலாசம்தான் பெயர்.

சிம்பொனி என்பது ஆர்கெஸ்ட்ரா முழுவதும் வாசிக்கும் பெரிய உருப்படி, பெரும்பாலும் நான்கு பகுதி. எண் 40 என்பது வரிசை எண். ஜி மைனர் என்பது சுருதியும் ஸ்கேலும். நம் கணக்கில் ஜி என்றால் ஐந்து கட்டை, சி என்றால் ஒரு கட்டை. மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் சங்கராபரணத்தினுடையவை. மைனரில் நடபைரவி ஸ்வரங்களும் வரும், நிஷாதம் ஏறிக் கீரவாணியும் ஆகும். ஸ்வரப் பட்டியல் மட்டும்தான் ஒன்று, ராகம் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் வித்வான்கள் என்னை அடிக்க வருவார்கள்.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நம் கச்சேரியில் முதல் உருப்படியிலிருந்து மங்களம் வரை ஸட்ஜம் ஒரே கட்டையில் நிற்கும். இங்கே ஒரே பகுதிக்குள் பாதி வழியில் ஸட்ஜமே வேறு கட்டைக்குக் குடிபோய்விடும். நாலு வீடு சுற்றிவிட்டுக் கடைசியில் பழைய வீட்டுக்குத் திரும்பும். இந்தக் குடிமாற்றத்துக்கு மாடுலேஷன் என்று பெயர். மேற்கத்திய இசையில் கதை நகர்வது பெரும்பாலும் இதனால்தான். "எங்கோ போய்விட்டோம்" என்ற தவிப்பும் "வந்து சேர்ந்தோம்" என்ற நிம்மதியும் காதுக்குத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும்.

கே 550 என்பது பட்டியல் எண். இந்த 40-ஆம் சிம்பொனியை எழுதிய மொசார்ட்டின் உருப்படிகளைத் தேடித் தொகுத்து 1862-இல் வரிசைப்படுத்தி வெளியிட்டவர் கோஹெல். அவருடைய முதலெழுத்துதான் அந்தக் கே. பாக்கின் உருப்படிகளுக்குப் பி.டபிள்யூ.வி என்று வரும். பீத்தோவன், பிராம்ஸ் போன்றவர்களுக்கு ஓபஸ். ஓபஸ் என்றால் லத்தீனில் படைப்பு, பெரும்பாலும் அச்சேறிய வரிசை.

அடுத்து வரும் பகுதி என்பதை மூவ்மென்ட் என்பார்கள். ஒரு சிம்பொனியின் நான்கு மூவ்மென்ட்டும் தனித்தனிப் பாட்டல்ல, ஒரே நாடகத்தின் காட்சிகள். மோல்டோ அலெக்ரோ என்பது டெம்போ, அதாவது காலப்பிரமாணம்: மிக விறுவிறுப்பாக. லார்கோ, அடாஜியோ என்றால் மெதுவாக, ஆன்டான்டே நடைவேகம், பிரெஸ்டோ ஓட்டம். எல்லாமே இத்தாலியச் சொற்கள். 17-ஆம் நூற்றாண்டில் இசைக்கு இத்தாலிதான் தலைமையிடம், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஒலியளவுக்கும் இத்தாலியம்தான். பியானோ என்றால் மென்மை, ஃபோர்ட்டே என்றால் பலம், கிரெஷெண்டோ என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது. பியானோ வாத்தியத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டில் தந்தி மீட்டப்படும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே. 1700 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்பவர் தந்தியைச் சுத்தியால் தட்டும் வாத்தியம் செய்தார். விரலின் பலத்துக்கேற்ப மென்மையும் பலமும் வந்தன. 'பியானோ, ஃபோர்ட்டே இரண்டும் உள்ள வாத்தியம்' என்ற நீண்ட பெயர் தேய்ந்து இன்று பியானோ மட்டும் மிச்சம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்செர்டோவில் ஒரு தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு பேசும், பெரும்பாலும் மூன்று பகுதி. சொனாட்டா ஒருவருக்கோ இருவருக்கோ. ஸ்டிரிங் குவார்டெட்டில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஆப்பெரா பாடி நடிக்கும் நாடகம். 'மூன்லைட்' போன்ற பட்டப்பெயர்களை ரொம்ப நம்பாதீர்கள். அந்த சொனாட்டாவுக்கு நிலவொளி என்ற பெயர் பீத்தோவன் இறந்த பிறகு ஒரு விமர்சகர் சொன்ன உவமையிலிருந்து வந்தது.

படி 3: வரலாற்றை ஒரே கேள்வியோடு படியுங்கள்

பாடநூல்கள் காலகட்டங்களை வரிசையாக அடுக்கும். மனப்பாடம் செய்தால் ஒரு வாரம் நிற்கும். நான் பிடித்துக்கொண்ட கயிறு இது: பலபேர் பல மெட்டுகளை ஒன்றாகப் பாட வேண்டுமென்றால், யார் எப்போது எதைப் பாடுவது என்று எங்கே வைத்திருப்பது?

தொடக்கத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. மடாலயங்களில் துறவிகள் பாடிய கிரிகோரியன் சாண்ட் ஒற்றை மெட்டு. ஹார்மனி இல்லை, கேட்டுக் கேட்டுத்தான் பாடம். 1025 வாக்கில் இத்தாலியின் அரெட்ஸோ நகரில் குயிடோ என்ற துறவி பையன்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துச் சலித்துப்போனார். ஸ்வரத்தின் உயரத்தைக் கோடுகளில் குறிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். யோவான் மீதான ஒரு பழைய துதிப்பாடலில் ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்குவதைப் பயன்படுத்தி, அந்த வரிகளின் முதல் அசைகளையே ஸ்வரப்பெயராக்கினார்: உத், ரே, மி, ஃபா, சொல், லா. உத் பிற்காலத்தில் தோ ஆனது, ஏழாவது ஸ்வரத்தின் பெயரும் அப்புறம் வந்து சேர்ந்தது. பத்து வருடம் பிடித்த பாடத்தை ஓரிரு வருடத்தில் முடிக்கலாம் என்று அவரே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்.

எழுத முடிந்ததும் கதவு திறந்துகொண்டது. 1200-ஐ ஒட்டி பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தில் பெரோத்தான் நான்கு குரல்களுக்கு எழுதினார். 1501-இல் வெனிஸில் பெத்ரூச்சி பல குரல் இசையை அச்சடித்து வெளியிட்டார். 16-ஆம் நூற்றாண்டின் பாலெஸ்ட்ரினாவைக் கேட்டால், நாலைந்து குரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் தண்ணீர் போல நழுவுவதைக் காணலாம். எழுதியவரும் பாடுபவரும் வேறுவேறு ஆட்கள் ஆனது இந்த நெடும்பயணத்தில்தான். மனோதர்மத்தின் இடத்தைக் காகிதம் எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் லாபமும் தெரிகிறது, நஷ்டமும் தெரிகிறது.

1600 முதல் 1750 வரை பரோக். 1607-இல் மாந்துவா அரண்மனையில் மான்டெவெர்டியின் 'ஒர்ஃபேயோ' ஆப்பெரா நடந்தது. வெனிஸில் பெண்குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் வயலின் கற்றுக்கொடுத்தவர் விவால்டி. 1685-இல் பாக், ஹேண்டல் இருவரும் பிறந்தார்கள். பாக் 1722-இல் ஒரு தொகுப்பு எழுதினார்: பன்னிரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் மேஜர், மைனர், ஆக 24 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிரெலூட் (முன்னுரை போன்ற சிறு உருப்படி), ஒரு ஃபியூக். ஃபியூக் என்பது கேனனின் புத்திசாலித் தம்பி. ஒரே கருத்தை ஒவ்வொரு குரலாக எடுத்துப் பேசும், ஆனால் அச்சாகக் காப்பியடிக்காது. பாக் இறந்த பிறகு பொதுமக்கள் அவரை ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1829-இல் இருபது வயது மெண்டல்சன் பெர்லினில் அவருடைய 'மத்தேயு பாஷன்' என்ற பெரிய பாடல் உருப்படியைத் தூசிதட்டி நடத்தியபோதுதான் அலை திரும்பியது. காகிதம் இருந்ததால் திரும்பியது.

அடுத்தது செவ்வியல் காலம், சுமார் 1820 வரை. குழப்பம் வரக்கூடிய இடம் இது. நாம் எல்லாவற்றையும் கிளாசிக்கல் என்கிறோம். அவர்கள் கறாராகச் சொல்லும்போது இந்த எழுபது வருடத்தைத்தான் சொல்வார்கள். சத்தமிடும் கவுன்டர்பாயின்ட் குறைந்து, தெளிவான மெட்டும் துணையும் வந்தன. ஆள் மூன்று பேர்: ஹைடன், மொசார்ட், பீத்தோவன்.

ஹைடனை எனக்கு அவர் குறும்புக்காகப் பிடிக்கும். எஸ்டெர்ஹாசி பிரபுவிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1772-இல் பிரபு கோடைமாளிகையை விட்டுக் கிளம்புவதாகவே இல்லை. குடும்பத்தைப் பிரிந்திருந்த வாத்தியக்காரர்கள் ஹைடனிடம் புலம்பினார்கள். அவர் மனு எழுதவில்லை, 45-ஆம் சிம்பொனியை எழுதினார். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தன் பங்கை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்து, எழுந்து போய்விடுவார். இறுதியில் இரண்டு வயலின் மட்டும். பிரபுவுக்குப் புரிந்தது, மறுநாளே மூட்டை கட்டினார்கள் என்பது கதை.

பீத்தோவன் வியன்னாவில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் நம் பக்கத்தில் முத்துசாமி தீட்சிதர் இருந்தார். சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் நொட்டுஸ்வரங்கள், ஏறக்குறைய நாற்பது. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரசவாழ்த்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட வயலின் இன்று கச்சேரி மேடையை விட்டு இறங்குவதே இல்லை.

19-ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் காலம். ஆர்கெஸ்ட்ரா பெருத்தது, உணர்ச்சியும் பெருத்தது. ஷூபர்ட் 31 வயதுக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதிவிட்டுப் போனார். ஷோபன் பியானோவிலேயே வாழ்ந்தார். வாக்னரும் வெர்டியும் ஆப்பெராவை ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். சைக்கோவ்ஸ்கி நம் காதுக்கு உடனே பிடிக்கும், மெட்டு கைநிறைய.

20-ஆம் நூற்றாண்டை அவசரமாகத் தொடாதீர்கள். 1913 மே 29 அன்று பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' பாலேயில் கூச்சலும் குழப்பமும் வெடித்தன. ஷோன்பெர்க் ஸட்ஜம் என்ற வீட்டையே இடித்து, பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சம உரிமை கொடுத்தார். வீடு பழகிய பிறகுதான் வீடில்லாமையின் அதிர்ச்சி புரியும்.

படி 4: ஒரே பகுதியை முழுசாகக் கேளுங்கள்

பீத்தோவன், சிம்பொனி எண் 5, சி மைனர், ஓபஸ் 67, முதல் பகுதி. ஏழெட்டு நிமிடம்தான். முதல் அரங்கேற்றம் 1808 டிசம்பர் 22, வியன்னாவில். குளிரில் நடுங்கிக்கொண்டே நாலு மணி நேரம் நீண்ட கச்சேரி. நீங்கள் போர்வையோடு கேட்கலாம்.

ஒரு கட்டையில் ஸட்ஜம் வைத்துக்கொண்டால் தொடக்கம் இது: ப ப ப கா, ம ம ம ரீ. காந்தாரம் சாதாரணம். தாளத்தின் தட்டில் முதலில் மௌனம், அரை இடம் தள்ளித்தான் எடுப்பு. இந்த நான்கு ஸ்வரத் துண்டுக்கு மோட்டிஃப் என்று பெயர். இதைப் பிடித்துக்கொண்டு சொனாட்டா வடிவத்துக்குள், அதாவது இந்தப் பகுதி எழுதப்பட்டிருக்கும் மூன்று கட்ட அமைப்புக்குள், நுழையலாம்.

முதல் கட்டம் எக்ஸ்பொசிஷன், கருத்துகளை முன்வைப்பது. முதல் கருத்து, கதவைத் தட்டுவது போன்ற அந்த மோட்டிஃப். கொஞ்ச நேரத்தில் ஹார்ன்கள் உரக்க அழைக்கும். ஸட்ஜம் இடம்மாறி, மேஜரில் மென்மையான இரண்டாம் கருத்து வரும். மயங்கிவிடாதீர்கள், முதல் படியில் பழகியபடி கீழே கேளுங்கள். செல்லோவும் டபுள் பேஸும் அங்கே அந்த நான்கு தட்டலை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். இதை நான் முதன்முதலில் கேட்டுப் பிடித்த இரவில்தான் இந்த இசை எனக்கு வசப்பட்டது. அப்புறம் எல்லாம் ஆரம்பத்திலிருந்து மறுபடி வரும். பதிவில் கோளாறு இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது கட்டம் டெவலப்மென்ட். கருத்துகளைத் துண்டுபோட்டு, வெவ்வேறு கட்டைகளுக்கு இழுத்துப்போகும் இடம். நடுவில் இசை வெறும் கார்டுகளாகத் தேய்ந்து, காற்று வாத்தியங்களும் தந்திகளும் மாறி மாறி மூச்சுவிடும். மூன்றாவது ரீகாப்பிடுலேஷன், வீடு திரும்புதல். திரும்பியதும் ஓபோ என்ற ஊதுவாத்தியம் மட்டும் தனியே நின்று ஒரு சின்ன விருத்தம் போலப் பாடும். அந்த ஓட்டத்தின் நடுவே அப்படி ஒரு தனிமையை வைக்க அவருக்கு எப்படித் தோன்றியதோ. கடைசியில் வாலாகக் கோடா.

ஐந்து முறையாவது கேளுங்கள், அதே பகுதியை. ஐந்து சிம்பொனியை ஒவ்வொருமுறை கேட்பதைவிட இது மேல். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர்கள் இருவரின் பதிவை அடுத்தடுத்து வைத்தால் வேகமும் அழுத்தமும் எவ்வளவு மாறுகின்றன என்பதும் தெரியும். ஐ.எம்.எஸ்.எல்.பி என்ற இணைய நூலகத்தில் பழைய இசைக்குறிப்புகள் இலவசம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால், குரல்கள் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

படி 5: சில்லறை விஷயங்கள்

பஸ்ஸில் கேட்காதீர்கள். சினிமாப் பாட்டின் ஒலியளவு ஏறக்குறைய சமமாக இருக்கும். இங்கே கிசுகிசுப்பும் இடியும் ஒரே பகுதியில் வரும். கிசுகிசுப்பு டீசல் சத்தத்தில் போய்விடும், கூட்டி வைத்தால் இடி காதைப் பிளக்கும்.

வாத்தியங்களைப் பிரித்தறிய பிரிட்டன் எழுதிய 'இளைஞருக்கான ஆர்கெஸ்ட்ரா வழிகாட்டி' நல்லது. தந்தி, மரக்காற்று, பித்தளை, தாளம் என்று குடும்பம் குடும்பமாக அறிமுகப்படுத்தும்.

நேரில் போனால், தொடங்குமுன் ஓபோ ஒரு ஏ ஸ்வரம் கொடுக்கும், எல்லோரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். மூவ்மென்ட்டுகளுக்கு நடுவே கைதட்டாதீர்கள். முதன்முறை போனபோது முதல் பகுதி முடிந்ததும் நான் பலமாகத் தட்டிவிட்டேன், அரங்கில் நான் ஒருவன் மட்டும். 1813-இல் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதி முடிந்ததும் கூட்டம் ஆரவாரம் செய்து அதைத் திரும்ப வாசிக்கவைத்தது என்று பிறகு படித்து ஆறுதல் அடைந்தேன். கண்டக்டர் கையை இறக்கித் திரும்பும்வரை காத்திருங்கள்.

அடுத்து எதைக் கேட்பது என்று கேட்டால் ஹைடனின் 94-ஆம் சிம்பொனி, இரண்டாம் பகுதி. குழந்தைகள் கூடப் பாடக்கூடிய மெட்டு, மென்மையாகத் தொடங்கி, இரண்டாம் முறை இன்னும் மென்மையாக வரும். சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். முதல் நிமிடம் முடியட்டும்.